ஒரு பூ போட்டால் மூன்று தையல் வரும்: கை எம்ப்ராய்டரி முதல் பாடம்

முதல் நாளே இருபது தையலை வரிசையாகப் போட்டுப் பழகாதீர்கள். வெள்ளைப் பருத்தி கர்ச்சீப் ஒன்றின் மூலையில் ஒரு பூ போடுங்கள், போதும்.

ஆங்கர் நிறுவனத்தின் எம்ப்ராய்டரி நூல் ஒரு கட்டு 8 மீட்டர், அதில் 6 பிரி (மெல்லிய இழை) இருக்கும். ஒரு முழம் வெட்டி, ஒவ்வொரு பிரியாக உருவி, இரண்டை மட்டும் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நூலா? நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள். காம்பும் ஐந்து இதழும் பென்சிலில் லேசாக வரைந்து, துணி தொய்யாமல் எம்ப்ராய்டரி வளையத்தில் மாட்டுங்கள்.

காம்புக்குக் காம்புத் தையல், இடமிருந்து வலமாக. ஊசியை மேலே எடுத்து, அரை சென்டிமீட்டர் தள்ளிக் குத்தி, அந்தத் தையலின் பாதியில் மறுபடி மேலே வாருங்கள். நூல் எப்போதும் கோட்டுக்குக் கீழ்ப்பக்கமே கிடக்க வேண்டும், அப்போதுதான் முறுக்கிய கயிறு மாதிரி வரும். பெயர் தைக்கவும் இதுவே நல்லது.

இதழுக்கு லேசி டெய்சி தையல். இதழின் அடியில் ஊசியை மேலே எடுத்து, அதே இடத்தில் குத்தி, இதழ் நுனியில் ஊசியை எடுக்கும்போது நூல் ஊசிக்கு அடியில் இருக்கட்டும். மெதுவாக இழுத்து, நுனியில் சின்னதாக ஒரு தையல் போட்டுப் பிடியுங்கள். இழுத்துப் பிடித்தால் இதழ் குச்சியாகிவிடும். நுனியைப் பிடிக்காமல் அந்த நூல் வளையத்துக்குள்ளிருந்தே அடுத்த வளையம் போட்டுக்கொண்டே போனால் அதுதான் சங்கிலித் தையல். கல்யாண ரவிக்கைகளில் பார்க்கிற ஆரி வேலைக்கும் அடிப்படை இதுதான், அங்கே ஊசிக்குப் பதில் கொக்கி.

பூவின் நடுவில் பிரெஞ்சு நாட் என்ற முடிச்சுத் தையல். எல்லோருக்கும் கை தடுமாறுகிற இடம் இது, எனக்குச் சரியாக வர ஒரு வாரம் ஆனது. நூலை இடது கையால் விறைப்பாகப் பிடித்து, ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, வந்த துளைக்கு ஓரிரு இழை தள்ளிக் குத்துங்கள். அதே துளையில் குத்தினால் முடிச்சு மொத்தமும் பின்பக்கம் போய்விடும். ஊசி முழுதாக இறங்கும்வரை இடது கையைத் தளர்த்தாதீர்கள், சுற்று துணியோடு ஒட்டியே இருக்கட்டும். கடுகு மாதிரி உருண்டு நிற்கும்.

முடிக்கும்போது பின்பக்கம் முடிச்சுப் போடாமல், நாலைந்து தையலுக்கு அடியில் நூலை நுழைத்து வெட்டுங்கள். அப்புறம் பூவைக் குளியல் துண்டின்மேல் குப்புறப் போட்டு இஸ்திரி போடுங்கள், நாட் நசுங்காது.