மலை மேகத்தைத் தடுப்பதில்லை: வகுப்பறையில் திருத்த வேண்டிய சில அறிவியல் தவறுகள்

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் "சாரல் ஏன் விழுகிறது?" என்று கேட்டால், "மலை மேகத்தைத் தடுக்குது" என்பார்கள். வகுப்பில் கேட்டதுதான். ஆனால் மேகம் மலையில் மோதி உடைவதில்லை. ஜூனில் தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தோடு வருகிறது. மலை குறுக்கே நிற்பதால் அது மேலேறுகிறது. மேலே காற்றழுத்தம் குறைவு. அதனால் காற்று விரிகிறது, விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுப்பதால் குளிர்கிறது. மேகமாகாத காற்று 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 டிகிரி குளிரும். ஈரம் மிகுந்த காற்றென்றால் 700, 800 மீட்டரிலேயே அதிலுள்ள நீராவி துளிகளாகத் தொடங்கிவிடும். மேகத்தில் பெரும்பகுதி அந்தச் சரிவிலேயே பிறப்பதுதான்.

மலைக்கு மேற்கே புனலூர், ஆரியங்காவுப் பக்கம் கொட்டித் தீர்த்த காற்று கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. துளிகள் திரும்ப ஆவியாகின்றன. அப்படிக் கரையாமல் முகட்டைத் தாண்டி வரும் மிச்சம்தான் குற்றாலச் சாரல். இன்னும் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் போனால் பெரும்பாலும் காற்றுதான். "தடுக்கிறது" என்று மட்டும் படித்த பிள்ளையால் இந்த இரண்டாம் பாதியை விளக்கவே முடியாது. எங்கள் பார்வையில் இதுதான் பெரிய இழப்பு.

இதோடு ஒட்டிய தவறு, மேகத்தை நீராவி என்பது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. டீக்கடை பாய்லரில் ஆவி சீறும் வாயைக் கவனியுங்கள்: வாயை ஒட்டி ஒரு விரற்கடை தூரம் வெறுமையாக இருக்கும். அதுதான் நீராவி. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது நீர்த்துளிகள், மேகமும் அதுவே. பிள்ளைகள் கை நீட்ட விடாதீர்கள். வெறுமையாகத் தெரியும் அந்த இடம்தான் அதிகம் சுடும்.

அடுத்தது வெயில். "சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போது கோடை" என்பது சுத்தமாகத் தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில், இருப்பது ஜனவரி தொடக்கத்தில், நம் மார்கழிக் குளிரில். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. தூரத்துக்கு விலகிவிடுகிறது. பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.4 டிகிரி சாய்வு.

"நண்பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு நேரே" என்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நட்டுச் சோதிக்கலாம். தென்காசியில் நிழல் அநேகமாக மறைவது ஆண்டுக்கு இரண்டு முறைதான்: சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை. அதுவும் 12.21 வாக்கில். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, தென்காசி 77.3 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் பிந்தும். ஜூன் 21 உச்சிப்பொழுதில் அதே குச்சியின் நிழல் சுமார் 26 செ.மீ. தெற்கே விழும், டிசம்பர் 22-இல் 63 செ.மீ. வடக்கே. நிழல் எப்போதும் வடக்கே என்று எழுதிய பிள்ளைக்கு இதை முற்றத்திலேயே காட்டலாம்.

கடைசியாக, தட்டில் தண்ணீர் விட்டு மெழுகுவத்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடும் சோதனை. "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குத் தண்ணீர் ஏறியது" என்று முடித்துவிடுகிறார்கள். காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கியதுமே சுடர் அணைந்துவிடும். எரிந்ததற்குப் பதில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வருகின்றன. ஆக்சிஜன் குறைவதற்கும் சிறு பங்கு உண்டு. முக்கியக் காரணம் சூடு. மூடும்போது சூடான காற்று விரிந்து வெளியேறுகிறது. விளிம்பில் குமிழி வரும். சுடர் அணைந்து உள்ளே குளிர்ந்ததும் வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

தண்ணீரில் சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக்கொண்டால் மட்டம் நன்றாகத் தெரியும். எரியும்போது மட்டம் அதிகம் நகராது, அணைந்த பிறகே சட்டென்று ஏறும். அதே தம்ளரை ஒரு வத்திக்கும் பிறகு மூன்று வத்திக்கும் மூடுங்கள். மூன்றுக்குத் தண்ணீர் கூடுதலாக ஏறும், உள்ளே இருந்த ஆக்சிஜனோ கூடவில்லை. இரண்டாம் முறைக்கு முன் தம்ளரை நன்றாக ஆறவிடுங்கள், இல்லையென்றால் அளவு மாறிவிடும்.