ஷிப்மென்ட் ரிஜெக்ட் ஆனா மேனேஜர் பண்ணக்கூடாத தப்புகள்

திருப்பூர் பனியன் கம்பெனியில 5000 பீஸ் ஆர்டர்னா, ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவர் வழக்கமா 200 பீஸ் எடுத்துப் பார்ப்பாரு. ஏக்யூஎல், அதாவது எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு, 2.5னா மேஜர் டிஃபெக்ட் 10 வரைக்கும் பாஸ், 11 வந்துச்சுன்னா மொத்த லாட்டும் ஃபெயில். சரி பண்றதுக்குள்ள கப்பல் போயி, ஏர்ல அனுப்ப வேண்டி வந்தா லாபம் அங்கயே காலி. மேனேஜரோட நிதானம் எவ்வளவுன்னு அந்த சாயங்காலம் தெரிஞ்சிடும்.

நிறைய பேர் பண்ற மொத தப்பு, ரிப்போர்ட்டைக் கூட முழுசா படிக்காம நேரா செக்கிங் டேபிளுக்குப் போயி "கண்ணை எங்கம்மா வெச்சிருந்தீங்க"ன்னு கத்தறது. சரி, செக்கிங்ல விட்டது உண்மைதான், ஆனா தப்பு பொறந்த இடம் எது? சைடு தையல்ல ஊசி ஓட்டைன்னு வெச்சுக்கங்க, லேசா இழுத்துப் பார்த்தாதான் கண்ணுக்கே தெரியும். ஏன் வந்துச்சு, ஊசி மழுங்கிப்போச்சு. ஏன் மாத்தல, மெஷினை நிறுத்தினா டார்கெட் போயிடும்னு சூப்பர்வைசர் விடல. அந்த டார்கெட்டை ஏத்தினது யாரு? டொயோட்டாவுல அஞ்சு தடவை ஏன்னு கேக்கச் சொல்வாங்க, நம்ம ஊர்ல மூணாவது தடவையே மேனேஜர் டேபிளுக்கு வந்து நின்னுடும், அதனாலதானோ என்னவோ யாரும் கேக்கறதில்ல. கத்தினா இன்னொரு நஷ்டமும் இருக்கு, அடுத்த ஆர்டர்ல யாராவது டிஃபெக்ட்டை முன்னாடியே பார்த்தாலும் வாயே தொறக்க மாட்டாங்க.

அடுத்தது மறைக்கறது. முதலாளிகிட்ட நாளைக்கு சொல்லிக்கலாம், சரக்கு வாங்கற பையருக்கு சரி பண்ணிட்டு சொல்லிக்கலாம்னு தள்ளிப்போடறது. அன்னைக்கே என்ன டிஃபெக்ட், மறு இன்ஸ்பெக்ஷன் எந்த தேதின்னு மெயில் போட்டா, பாதி சரக்கை இப்ப அனுப்பலாமா, அடுத்த கப்பலுக்கு மாத்தலாமான்னு பேசவாவது வழி இருக்கும், லேட்டா சொன்னா நஷ்டத்தை நம்ம பணத்துல கழிக்கற டெபிட் நோட்தான் வரும்.

அப்புறம் "எல்லாரும் நைட் நில்லுங்க"ன்னு சொல்லி எல்லா கார்ட்டனையும் ஒடைக்கறது இருக்கே, பார்க்க சுறுசுறுப்பா இருக்கும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஊசி ஓட்டை எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ரெண்டாவது இன்ஸ்பெக்ஷனும் ஃபெயில் ஆகறது இப்படித்தான். எந்த லைன், எந்த சைஸ்னு மொதல்ல பிரிச்சா தொட வேண்டிய பீஸ் பாதிக்கும் கீழ வந்துடலாம். நீங்களும் வீட்டுக்குப் போயி தூங்குங்க, தூக்கம் கெட்ட ஆளு காலையில எடுக்கற முடிவும் அப்படித்தான் இருக்கும்.

"விடுங்கப்பா, எல்லாம் நல்லதுக்கே"ங்கற பேச்சும் வேண்டாம். பீஸ் ரேட்ல தைக்கறவங்க மனசுல ஓடறது ஒரே கேள்வி, குறையை மறுபடி சரி பண்ற இந்த ஆல்ட்ரேஷனுக்குக் காசு உண்டா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லிட்டு ஆறுதல் சொல்லுங்க.

சரக்கு கிளம்பினதும் பெருமூச்சு விட்டுட்டு அப்படியே மறந்துடறாங்க பாருங்க, எனக்கு அதுதான் ரொம்ப எரிச்சல். கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங்ல ஒரு ஆளு, மெக்கானிக் நாலு பேரையும் வெச்சு அரை மணி நேரம் பேசுங்க, முதலாளியைக் கூப்பிடாதீங்க, அவரு இருந்தா யாரும் உண்மையைப் பேச மாட்டாங்க. அங்க முடிவானதை, இத்தனை மணி நேரத்துக்கு ஒருதடவை ஊசி மாத்தணும்ங்கற மாதிரி சின்ன விஷயமா இருந்தாலும், அடுத்த ஆர்டரோட ஃபைல்ல மொத பக்கத்துலயே எழுதி வைங்க.