தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கி.மீ., அதை ஒட்டியே தாராசுரம், கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 35 கி.மீ. கணக்குக்குச் சரியாகத்தான் வரும். ஆனால் நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். காலை 9 மணிக்குத் தஞ்சையில் தொடங்குகிறவர் அடுத்த கோயிலுக்குப் போய்ச் சேரும்போது சன்னதி பூட்டியிருக்கும், தளக்கல் கொதிக்கும்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் மாலை தாராசுரம், இரவு கும்பகோணத்தில் தங்கல், மறுநாள் விடிந்ததும் கங்கைகொண்ட சோழபுரம். உச்சி வெயில் நேரத்தைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளுக்குக் கொடுங்கள். 4 மணிக்கு மேல் பெரிய கோயில். அன்று பிரதோஷமா என்று மட்டும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதோஷ மாலையில் நந்தியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் சிற்பம் பார்க்க முடியாது.

செருப்பைக் கழற்றிய பிறகு சூடு தாங்காமல் விரிப்பு போட்ட பாதையிலேயே நடந்து திரும்புகிறவர்கள் ஏராளம். பார்க்க வேண்டியவையெல்லாம் விரிப்பை விட்டு விலகிச் சுவரோரம்தான் இருக்கின்றன. கனமான பருத்திக் காலுறை ஒரு ஜோடி கொண்டுபோனால் போதும்.

தஞ்சையில் எல்லோரும் அண்ணாந்து, கருவறைக்கு மேல் எழும் விமானத்தைப் பார்க்கிறார்கள். அதன் அடித்தளத்தைப் பார்ப்பவர் குறைவு. நாம் கொடுத்தவை, அக்கன் (தமக்கை குந்தவை) கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் இட்ட ஆணை அங்கேதான் இருக்கிறது. கோயிலில் ஆடிப்பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும் இக்கோயில் கல்வெட்டில் உண்டு. அரசன் தன் பெயரோடு நிறுத்தாமல் இத்தனை பேரைக் கல்லில் ஏற்றியிருப்பதைப் பார்க்காமல் திரும்புவது பேரிழப்பு. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டி தேய்ப்பதும் விரலால் தடவுவதும் கூடாது. வியர்வையும் எண்ணெயும் கல்லில் இறங்கும், எழுத்தின் விளிம்பு மழுங்கும். பொழுது சாயும் நேரத்தில் செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

வெளிச்சத்தைக் கணக்கிடாததும் ஒரு தவறுதான். மூன்று கோயில்களும் கிழக்கு நோக்கியவை, முகப்புக்குக் காலை வெயில்தான் சரி. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்புறமே சாய்ந்து போவதால் வடபுறம் நாள் முழுக்க நிழலாக இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தின் சண்டேச அனுக்கிரக மூர்த்தி, அதாவது அடியார் சண்டேசருக்குச் சிவன் அருளும் சிற்பம், அந்த வடபுறத்தில்தான் இருக்கிறது. சண்டேசர் தலையில் இறைவன் பூமாலை சுற்றும் அந்த விரல்களை மெதுவான வெளிச்சத்தில் நின்று பாருங்கள்.

தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையில் இணையும் சிற்பத்தைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கருவறைப் புறச்சுவரின் கீழ்ப்பகுதியில் நாயன்மார் கதைகள் சிறு சிறு சிற்பங்களாக, பெயர் பொறித்து வரிசையாக இருக்கின்றன. குனிந்தால் போதாது, உட்கார வேண்டும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியைத் தேடிப் பாருங்கள். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் வேண்டும்.

பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்ற கதையை நம்பாதீர்கள். மாலையில் அங்கே நின்றாலே நிழல் தெரியும். உச்சியிலுள்ள சிகரமும் ஒரே கல் அல்ல, பல கற்களைச் சேர்த்து அமைத்தது. நந்தி நாயக்கர் காலத்தது. 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் இருக்கும் உள்சுற்றுக்குப் பொது அனுமதி இல்லை, ஊழியர்களிடம் வாதாடிப் பயனில்லை. வளாகத்திலுள்ள தொல்லியல் துறை விளக்கக்கூடத்தில் அவற்றின் படங்களைப் பார்க்கலாம். முக்காலி வைத்துப் படமெடுப்பதற்கும் டிரோனுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கருவறையில் படமெடுக்கவே கூடாது.