அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்: ஆன்லைன் கடை மீது வழக்குப் போடும்முன்

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினார். விலை 4,200 ரூபாய். மூன்றாம் நாள் இட்லிப் பொடி அரைக்கும்போது மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார், மறுநாளும் போட்டார், அடுத்த வாரமும் போட்டார். ‘இரண்டு நாளில் ஆள் வருவார்’ என்றே ஒவ்வொரு முறையும் பதில். ஆள் வரவில்லை, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துபோனது. விஷயம் என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது, “பெட்டி எங்கே அக்கா?” பழைய பேப்பர்காரர் எடுத்துப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

பணம் கடைசியில் வந்தது. ஆனாலும் மாதக்கணக்கில் இழுபட்டோம், கையில் காகிதம் இல்லாததால். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் சிலருக்கு மனு எழுத உதவியிருக்கிறேன். எல்லோரும் இடறுவது ஏறக்குறைய அதே இடங்களில்தான்.

பாதிப் பேர் வழக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள். ‘கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, அங்கே யார் அலைவது?’ என்கிறார்கள். அலைய வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். நாம் கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்வது இதைத்தான். ‘எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்’ என்று செயலியின் நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், சட்டம் கொடுத்த உரிமையை அந்த வரியால் பறிக்க முடியாது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நம் பக்கத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போய்விட்டன. ஆதாரில் இன்னும் ‘வேலூர் மாவட்டம்’ என்றே பலருக்கு இருக்கிறது. மனு எழுதும் முன் உங்கள் ஊர் எந்த ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது என்று அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருக்கும்போது ஆர்டர் போடுகிறவர்கள் ஊர் திரும்பிய பின் சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதற்காக வேலூருக்கு மறுபடி ரயில் ஏற வேண்டாம்.

பெரிய தவறு, எல்லாவற்றையும் போனிலேயே பேசி முடிப்பது. அக்கா பேசியது பதினோரு முறை. எழுத்தில் ஒரு வரி இல்லை. பேசியதை எதிர்த்தரப்பு ‘அப்படி ஒரு புகாரே வரவில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் மறுத்துவிடும். ஒவ்வொரு ஆன்லைன் வணிகத் தளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்த ஒரு மாதம் மௌனமாகக் கழிந்தால், அந்த மௌனமே உங்கள் கையில் ஓர் ஆதாரம். போனில் பேசியே ஆக வேண்டிய நிலை வந்தால், வைத்த உடனே ‘இன்று இன்ன நேரத்தில் பேசினேன், இப்படிச் சொன்னீர்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதிலும் கோட்டை விடுகிறோம். பொருளை விற்ற பக்கம் நாளைக்கே மாறலாம், காணாமலும் போகலாம். ‘750 வாட்ஸ், 2 வருட வாரண்டி’ என்று போட்டிருந்ததை அன்றைக்கே, தேதியும் ஆர்டர் எண்ணும் தெரிய, வெட்டாமல் எடுத்து வையுங்கள். பில்லை இறக்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் அனுப்பியவர் முகவரி இருக்கும். பெட்டியை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் லேபிளையாவது படம் பிடியுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லையே, இனி வழக்கு நிற்காதே என்று சிலர் மனம் தளர்கிறார்கள். வீடியோ இருந்தால் நல்லது, கட்டாயம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

யார் மீது வழக்கு என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். செயலியின் மீது மட்டும் போட்டால், ‘நாங்கள் இடையில் இருப்பவர்கள், விற்றது வேறு ஆள்’ என்பார்கள். விற்றவர் மீது மட்டும் போட்டால் அந்த முகவரியில் ஆளே இருக்க மாட்டார். இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேருங்கள். தயாரிப்பில் குறை என்றால் தயாரித்த நிறுவனத்தையும் சேருங்கள். விற்றவரின் முகவரி தெரியவில்லையா? வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தளம் கொடுத்தாக வேண்டும், மேலே சொன்ன மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இவற்றை மனுவில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் எண்ணும் யுபிஐ ஐடியும் தவிர வேறெதுவும் இல்லாத ஆளிடம் ஆரணிப் பட்டு என்று நம்பிப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் கதை வேறு. அது மோசடி. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்புண்டு.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுப்பது நல்லதுதான், பல சமயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அது வழக்கு ஆகாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் மனு இருக்க வேண்டும். 1915இல் காத்திருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில் கரைந்துகொண்டேதான் இருக்கும்.

லாங் பஜாரில் கடை வைத்திருப்பவர் மறுவிற்பனைக்காக நூறு போன் கவர் வாங்கி அது பழுதென்றால், அவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் தானே தைத்துப் பிழைக்க ஒரு தையல் மிஷின் வாங்கிய பெண் நுகர்வோர்தான். ‘சுயதொழில் செய்து பிழைக்க வாங்கினேன்’ என்று மனுவிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். 4,200 ரூபாய் மிக்ஸிக்கு மன உளைச்சல் என்று 5 லட்சம் கேட்டால் மனுவின் கனம் குறைகிறது. விலை, நியாயமான ஓர் இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

மனுப் போட்டபின் வாய்தாவுக்குப் போகாமல் இருக்காதீர்கள். நீங்கள் வரவில்லை என்று தள்ளுபடி ஆனால் மீட்பது பெரும்பாடு. போக முடியாவிட்டால் காணொளி வழியாக ஆஜராக முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 46ஆம் நாள் பதிலோடு வந்தால் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

தீர்ப்பு சாதகமாக வந்ததும் பணம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. அதற்கும் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தின் 72ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அக்காவுக்குப் பணம் வந்தது இந்த மனுவுக்கு நோட்டீஸ் போன பிறகுதான்.