மதுரைக்கு வந்து தங்கம் தியேட்டரைத் தேடுகிறவர்களுக்கு

முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கம் தியேட்டர் இல்லை. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்து, 2,500 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார்ந்து படம் பார்த்த இடம் அது. ஆசியாவிலேயே பெரியது என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அது நின்ற இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. 'சிந்தாமணி' படம் 1937-ல் ஓடிக் கொட்டிய பணத்தில் கட்டிய சிந்தாமணி டாக்கீஸும் ஜவுளிக்கடைக்காரர் கைக்குத்தான் போனது. பழைய கட்டடம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குப் போங்கள். பகலில் வாசகசாலை, இருட்டினால் ரீகல் தியேட்டர் என்று இங்கிலீஷ் படம் ஓடிய இடம்.

சரி, வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் சேர்த்து வருகிறீர்களா? இரண்டு வார லீவு போதாது. எனக்குப் போதவில்லை. இ-சேவையில் விண்ணப்பித்து, விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று அலைந்தேன். இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இன்ஷியலோடு இருக்கிறது, என் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கவே நான்கு நாள் போனது. கிளம்பும் முன்பே பெயர்களை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆபீஸில் சாட்சி கேட்டார்கள்: "அக்கம்பக்கத்துல உங்க அப்பாவைத் தெரிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க." இருபது வருஷம் கழித்து வந்தவன் யாரைக் கூட்டிப் போவேன்? தெருவில் பாதி வீடு கைமாறிவிட்டது. பால்கார அம்மா ஒருவர் வந்தார். இன்னொருவர் தங்கம் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போட்டவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் என்னை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"செகண்ட் ஷோ விட்டா உங்கப்பாதான் கடைசியா சைக்கிள் எடுப்பாரு தம்பி. நீ அவரு தோள்ல தூங்கிட்டு இருப்ப. தியேட்டரை இடிச்சப்ப தினமும் வந்து எதிர்ல நிப்பாரு."

அப்போது அப்பா எனக்கு போன் செய்திருந்தார். "இடிக்கிறாங்கப்பா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்." லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது. அதைச் சேர்த்து வைத்து வேறு ஊருக்குப் போனோம். வீட்டில் பெரியவர்கள் இப்படிக் கூப்பிட்டால், எதைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று யோசிக்காமல் டிக்கெட் போடுங்கள்.

சாட்சிக்கு வருகிறவரை ஆட்டோவில் கூட்டிப்போய், திரும்ப வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுங்கள். ஆபீஸ் முதல் மாடியில். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார், கையெழுத்துப் போட்டார், டீ காசைக்கூட என்னைக் கொடுக்க விடவில்லை.