விலைக்கு முன் சேதாரத்தைப் பேசுங்கள்

பூங்கன்று வளர்த்து மொத்த வியாபாரிக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு கிளிநொச்சி முரசுமோட்டையில் இருக்கும் என் கன்றுப் பந்தலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒரு குரோட்டன் என்ன விலைக்குப் போகிறது, அக்கா?" நான் திருப்பிக் கேட்பேன்: "செத்த குரோட்டனுக்கு யார் காசு கொடுப்பது என்று பேசிவிட்டீர்களா?" பெரும்பாலும் பதில் வராது.

நானும் அதைப் பேசாமல்தான் தொடங்கினேன். முதல் வியாபாரி இருநூறு கன்று ஏற்றினார். இரண்டு கிழமை கழித்து, எண்பது கன்று இலை கொட்டி நிற்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். அந்தக் காசைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தந்தார். பிறகு ஒரு நாள் அவருடைய கடைக்குப் போய்ப் பார்த்தேன். சீமெந்துத் தரை. மேலே ஓலையும் இல்லை, வலையும் இல்லை. நடுப்பகலில் ஒரு பையன், வெயிலில் கிடந்து சூடேறிய குழாயால் கன்றுகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். சண்டை பிடிக்க வாய் வரவில்லை, ஏனென்றால் பாதிப் பிழை என்னுடையது. நிழல்வலைக்குள் மெத்தென்று வளர்ந்த கன்றுகளை நேராக லொறியில் ஏற்றி அனுப்பியவள் நான்தான்.

ஆகவே வியாபாரி உங்கள் பந்தலைப் பார்க்க வருமுன் நீங்கள் அவருடைய கடையைப் போய்ப் பாருங்கள். நிழல் இருக்கிறதா, எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள், விற்காத பழைய கன்றுகள் மூலையில் எந்தக் கோலத்தில் கிடக்கின்றன என்று பாருங்கள். அந்த மூலை சொல்வதை அவருடைய வாய் சொல்லாது. பிறகு ஐம்பது கன்றோடு தொடங்குங்கள்.

அனுப்புவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகக் கன்றுகளை வலைக்கு வெளியே எடுத்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். முதலில் காலை வெயில், பிறகு முழு நாளும். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், பசளையை நிறுத்துங்கள். இலை சற்றுத் தடிக்கும், பளபளப்புக் குறையும். பார்வைக்கு அழகு குறைந்த அந்தக் கன்றுதான் யாழ்ப்பாணம் போகும் வழியிலுள்ள ஆனையிறவு வெளியின் காற்றைத் தாங்கும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த வெளியைத் திறந்த லொறியில் கடந்தால், யாழ்ப்பாணம் போய்ச் சேருமுன் இலை கிழிந்துவிடும். விடியுமுன் ஏற்றுங்கள், மேலே வலை போட்டுக் கட்டுங்கள்.

இப்போது எனக்கு ஒரே மொத்த வியாபாரிதான், ஒன்பதாவது ஆண்டு. முதல் நாள் வந்தபோது விலை கேட்கவில்லை. ஒரு செவ்வரத்தைக் கன்றைக் கையில் எடுத்தார், சாடியைச் சாய்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார், மண் கட்டியோடு கன்றை அப்படியே வெளியே உருவினார். வேர் வெள்ளையாக ஓரம் வரை வந்திருந்தது. சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கவில்லை. மூக்கருகில் வைத்து மணந்தார். அழுகல் வாடை இருந்தால் அதில் தெரிந்துவிடும். திரும்பச் சாடிக்குள் இறக்கி, மண்ணை விரலால் அமர்த்திவிட்டு, "அக்கா, செத்தால் எப்படி?" என்றார். அன்றே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

நாங்கள் எழுதிக்கொண்டது இதுதான். லொறியில் ஏறும் வரை சேதாரம் என்னுடையது. லொறி அவருடையது என்பதால் வழியில் முறிந்தால் அவருடையது. இறக்கி ஏழு நாளுக்குள் வேர் அழுகலோ மாப்பூச்சியோ தெரிந்தால், அவர் படம் எடுத்து அனுப்புவார், நான் அடுத்த லொறியில் மாற்றுக் கன்று வைப்பேன்; காசு கழிப்பதில்லை. எட்டாம் நாளிலிருந்து என்னைக் கேட்கக் கூடாது. ஒரு கொப்பியில் கரித்தாள் வைத்து எழுதினோம், ஆளுக்கொரு பிரதி.

காலக்கணக்கையும் அதே கொப்பியில் எழுதுங்கள். குரோட்டன் தண்டு வேர்விட ஒரு மாதம், விற்கிற உருவம் எடுக்க மேலும் மூன்று நான்கு மாதம் போகும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கன்று வேண்டும் என்று ஆனியில் வந்து நின்றால் நான் எங்கே போவேன்? பங்குனியிலேயே எண்ணிக்கை சொல்ல வேண்டும், அதில் மூன்றிலொரு பங்குக்கு முற்பணம் தர வேண்டும். முற்பணம் இல்லாத எண்ணிக்கையை நான் ஆசை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

விலையை ஆண்டு முழுவதற்கும் கட்டாதீர்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்தது. மறு ஆண்டு டீசல் இல்லை, லொறி வரவில்லை. முந்நூறு கன்று பந்தலில் கிடந்து வேர் சாடியைச் சுற்றத் தொடங்கியது. பெரிய சாடிக்கு மாற்றிய செலவை யார் ஏற்பது என்று எங்கள் கொப்பியில் இல்லை. இருவரும் பாதிப் பாதி ஏற்றோம், ஆனால் அதைப் பேசி முடிக்க மூன்று நாள் முகம் சுளித்துக்கொண்டிருந்தோம். இப்போது தையிலும் ஆடியிலும் விலையைத் திறந்து பேசுகிறோம். சாடிக்கு ஒரு விலை, கன்றுக்கு ஒரு விலை எனப் பிரித்து எழுதுகிறோம். சாடி விலை ஏறினால் அது மட்டும் ஏறும்.

காசு விஷயத்தில் ஒரு லொறிக் கடன் வரை போகலாம். இரண்டாவது லொறி ஏற்றும்போது முதல் லொறிக் காசு கைக்கு வர வேண்டும். உறவுக்காரராக இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

எல்லாக் கன்றையும் ஒருவருக்கே கொடுக்கவும் வேண்டாம். நான் மூன்றிலொரு பங்கைப் பரந்தன் பக்கத்து வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் விற்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது நேரே வந்து மலிவாகக் கேட்டால், என் வியாபாரியின் கடை விலைக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. அவருடைய வாடிக்கையை அவருக்குத் தெரியாமல் கடித்துவிட்டு அவரிடமே முற்பணம் கேட்க முடியாது.

கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொல்லுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து இந்தப் பக்கமெல்லாம் வெள்ளம் வந்தபோது, என் பந்தலில் தாழ்ந்த வரிசைகள் முழுவதும் தண்ணீரில் நின்றன. விடியுமுன் வியாபாரியைத் தொலைபேசியில் எழுப்பி, பொங்கலுக்குச் சொன்னதில் பாதிதான் தர முடியும் என்றேன். அவர் அன்று காலையே வேறிடத்தில் கன்று தேடிக்கொண்டார். தை பிறந்ததும் வந்து, தப்பியவற்றை எண்ணி ஏற்றினார். போகும்போது, "அந்தக் கீழ் வரிசையை மேடாக்குங்கள், அக்கா, மண் நான் கொண்டுவந்து பறிக்கிறேன்" என்றார். இரண்டு லோட் பறித்தார். மண்ணுக்கான காசைக் கன்றில் கழித்துக்கொண்டார், அதுவும் கொப்பியில் இருக்கிறது.