பெனின் சுற்றுலா இ-விசா: விண்ணப்பிக்கும் முறையும் வழுக்கும் இடங்களும்

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விசா வாங்கச் சுலபமானவற்றில் பெனினும் ஒன்று. 2018-லிருந்து அங்கே இ-விசா நடைமுறையில் இருக்கிறது. தூதரகத்துக்கு அலைய வேண்டாம், பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்பிவிட்டுப் பதைபதைக்க வேண்டாம். கையில் எல்லாம் தயாராக இருந்தால் படிவத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். பணத்தையும் பயணத்தையும் கோட்டைவிடுபவர்கள் பெரும்பாலும் படிவத்தில் மாட்டுவதில்லை. அதற்கு முன்பே, தவறான வரிசையில் வேலையைத் தொடங்கித்தான் மாட்டுகிறார்கள்.

ஊசியில் தொடங்குங்கள்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் பெனினுக்குள் போக முடியாது. விசா சில நாட்களில் வந்துவிடும், ஊசிக்குத்தான் முன்கூட்டித் திட்டம் வேண்டும். எல்லா மருத்துவமனைகளிலும் போடமாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே கிடைக்கும், அவற்றில் பலவும் குறிப்பிட்ட கிழமைகளில்தான் போடும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். எட்டாம் நாள் விமானம் ஏறினால் சான்றான மஞ்சள் அட்டை கையில் இருந்தும் பயனில்லை. ஆகவே பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது ஊசிக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.

ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை 11 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் விதி அப்படித்தான். அதற்கு முன் வாங்கிய அட்டையில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அதுவும் செல்லும். மையத்தை விட்டு வெளியே வருமுன் அட்டையில் மூன்றைச் சரிபாருங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், மையத்தின் முத்திரை.

அறுபதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகள் ஆகியோருக்கு முதலில் மருத்துவர் ஆலோசனை, பிறகுதான் டிக்கெட். அட்டையை ஊர் திரும்பும்வரை பத்திரமாக வைத்திருங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்றில்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள்.

எந்த விசா?

சுற்றுலாவுக்கு மூன்று வகை உண்டு. ஒருமுறை நுழைய 30 நாள் விசா 50 யூரோ. பலமுறை நுழைய 30 நாள் விசா 75 யூரோ. பலமுறை நுழைய 90 நாள் விசா 100 யூரோ. ஆப்பிரிக்க நாட்டுக் குடிமக்களுக்கு விசாவே வேண்டாம்.

பெனினின் பெரிய நகரமான கோட்டோனூவில் இறங்கி, நொக்குவே ஏரியில் தூண்கள்மேல் நிற்கும் கான்வியே கிராமம், உய்தாவின் கடற்கரை, அபோமே அரண்மனைகள் எல்லாம் பார்த்துவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறுபவருக்கு முதல் வகை போதும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிற யாரும் பெரும்பாலும் ஒரே நாட்டோடு நிற்பதில்லை. கோட்டோனூவிலிருந்து டோகோவின் தலைநகர் லோமே சுமார் 150 கிலோமீட்டர்தான். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஹில்லாகொஞ்ஜி எல்லையில் வெளியேறும் முத்திரை விழுந்த நொடியில் உங்கள் ஒருமுறை விசா முடிந்தது. திரும்பி வர மறுபடி 50 யூரோவும் சில நாள் காத்திருப்பும் தேவை. லோமே போகும் யோசனை லேசாக இருந்தாலும் 25 யூரோ கூடுதலாகக் கொடுத்துப் பலமுறை விசாவே வாங்கிவிடுங்கள்.

டோகோவுக்கும் நைஜீரியாவுக்கும் தனித்தனி விசா வாங்க வேண்டும். எல்லையில் உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போவதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அது எகோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்புக் குடிமக்களுக்கு உள்ள சலுகை.

சரியான தளம், சரியான பெனின்

தேடுபொறியில் தேடினால் மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் தனியார் முகவர்களின் தளங்கள். கொடி, சின்னம், நிறம் எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு. சிலர் உண்மையிலேயே உங்களுக்காக விண்ணப்பித்துத் தருகிறார்கள், சிலர் பாஸ்போர்ட் படத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறார்கள். பெனின் அரசுத் தளங்களின் முகவரி ‘ஜி-ஓ-யு-வி புள்ளி பி-ஜே’ என்று முடியும். கட்டணம் யூரோவிலோ பெனினின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கிலோ இருக்கும். டாலரில் ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி தெரிந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் கேட்கச் சிரிப்பாக இருக்கும், நடந்தால் அழுகை வரும். பெனின் சிட்டி என்ற பெரிய நகரம் நைஜீரியாவில் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் புகழ்பெற்ற பெனின் வெண்கலச் சிற்பங்கள் அந்த ஊரைச் சேர்ந்தவை. பெனின் நாட்டின் பெயரோ 1975 வரை தஹோமே. விடுதியோ விமானமோ தேடும்போது ‘பெனின்’ என்று மட்டும் தட்டினால் நைஜீரிய நகரத்தில் அறை பதிவாகிவிட வாய்ப்பு உண்டு. நீங்கள் தேட வேண்டிய ஊர் கோட்டோனூ, விமான நிலையக் குறியீடு சி-ஓ-ஓ. பி-என்-ஐ என்று இருந்தால் அது நைஜீரியா.

படிவத்தில் பெயர்

தளத்தின் மொழியை முதலிலேயே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பக்கத்தை உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பில் படித்தபடி நிரப்பாதீர்கள். தெரிவுப் பட்டியல்கள் உடைந்து, நீங்கள் தேர்ந்தது ஒன்றும் பதிவானது வேறுமாக இருக்கும். எங்காவது பிரெஞ்சு தலைகாட்டினால் ‘நோம்’ என்பது குடும்பப் பெயர், ‘ப்ரெனோம்’ என்பது இடப்பட்ட பெயர். தேதிகள் நாள், மாதம், ஆண்டு வரிசையில்.

குடும்பப் பெயரே இல்லாத நமக்குத் தலைவலி இங்கேதான். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், படிவமோ காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. இனிஷியலைப் போடுவது, பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரைப் புகுத்துவது, புள்ளி வைப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளைப் பாருங்கள். எல்லையில் கருவி படிப்பது அவற்றைத்தான். அவற்றில் உங்கள் பெயராக உள்ள எழுத்துகளையே குடும்பப் பெயருக்கும் போட்டு, இடப்பட்ட பெயரிலும் அதையே திரும்பப் போடுவது இருப்பதில் குறைந்த ஆபத்துள்ள வழி. விமான டிக்கெட்டிலும் அதே முறையைக் கையாளுங்கள். அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியிருந்தால், வழக்கத்தில் நீங்கள் அப்படி எழுதாவிட்டாலும், படிவத்தில் அதுதான் உங்கள் குடும்பப் பெயர்.

பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யமும் ஓ எழுத்தும் இடம் மாறுவது அடுத்த வழக்கமான பிழை. இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழும் எண்கள். ஆகவே இரண்டாம் இடத்திலிருந்து வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான். ஒரே ஓர் எழுத்து பிசகினாலும் அந்த விசா வேறொருவருடையது என்றுதான் கணினிக்குத் தெரியும். பணம் கட்டிய பிறகு திருத்துவது பெரும்பாலும் புது விண்ணப்பத்தில்தான் முடியும். நிரப்பி முடித்ததும் நீங்களே சரிபார்க்காமல், பாஸ்போர்ட்டை வேறொருவர் கையில் கொடுத்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு எழுதிய பிழை தெரியாது.

தங்கும் முகவரி

கோட்டோனூவில் பல இடங்களில் தெருப்பெயரும் கதவு எண்ணும் கிடையாது. ‘காரே’ என்ற மனைத் தொகுதி எண்ணையும் பேட்டையின் பெயரையும் சேர்த்து முகவரியாக எழுதுகிறார்கள். அஞ்சல் குறியீடு கேட்டால் விடுதியின் அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுக்கலாம். விடுதியின் பெயர், ஹே வீவ், ஃபிஜ்ரோசே போன்ற பேட்டைப் பெயர், ஊர் ஆகியவை தெளிவாக இருந்தால் போதும்.

தொலைபேசி எண்ணில் ஒரு புதிய சிக்கல். 2024 நவம்பர் 30 முதல் பெனினின் எட்டிலக்க எண்கள் பத்திலக்கமாகிவிட்டன. பழைய எண்ணுக்கு முன்னால் 01 சேர்க்க வேண்டும், அதற்கும் முன்னால் நாட்டுக் குறியீடு 229. பல விடுதிகள் இணையத்தில் இன்னும் பழைய எண்ணையே வைத்திருக்கின்றன. அதை அப்படியே அழைத்தால் இணைப்பு கிடைக்காது.

பதிவேற்றம்

பாஸ்போர்ட் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், முத்திரைக்குக் காலிப் பக்கங்களும் வேண்டும். புகைப்படப் பக்கத்தை ஸ்கேனரில் வண்ணத்தில், 300 டிபிஐ அளவில் எடுங்கள். கைபேசியில் எடுத்தால் ஃபிளாஷ் வேண்டாம். மேலுறையில் ஒளி பட்டு, முக்கியமான அந்த அடிவரிகள்தான் முதலில் வெளுக்கும். நான்கு மூலையும் சட்டகத்துக்குள் இருக்கட்டும், விரல் தெரியக் கூடாது. கோப்பின் பெயரில் இடைவெளி, தமிழ் எழுத்து, சிறப்புக் குறி எதுவும் வேண்டாம். பதிவேற்றம் காரணமே சொல்லாமல் நின்றுபோவதற்குப் பாதி காரணம் அதுதான், மீதி கோப்பின் பருமன்.

திரும்பும் டிக்கெட்டையும் விடுதிப் பதிவையும் பிடிஎஃப்பாக வைத்திருங்கள். படிவம் கேட்காவிட்டாலும் விமான நிறுவனமும் குடிநுழைவு அதிகாரியும் கேட்கலாம். குழந்தைகளுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். பெற்றோரில் ஒருவரோடு மட்டும் பயணம் செய்தால் மற்றவரின் சம்மதக் கடிதத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு கொண்டுபோங்கள்.

பணம் கட்டுதல்

‘விசா’ நிறுவன அட்டையோ மாஸ்டர்கார்டோ வேண்டும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வருகிறது. வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு, வரம்பையும் பார்த்துவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் அட்டை மறுக்கப்படும். அந்நியச் செலாவணிக் கட்டணமாக வங்கி சில சதவீதம் கூடுதலாக எடுக்கும். ஒரு யூரோ 655.957 சிஎஃப்ஏ பிராங்க் என்பது மாறாத விகிதம். பிராங்கில் தொகை காட்டினால் 50 யூரோவுக்குச் சுமார் 32,800 வர வேண்டும்.

ஓடிபி போட்ட பிறகு பக்கம் உறைந்துபோனால் பதறி மறுபடி கட்டாதீர்கள். முதலில் வங்கிக் குறுஞ்செய்தி, பிறகு மின்னஞ்சல், அதிலும் ஸ்பேம் பெட்டி. விண்ணப்ப எண் வந்திருந்தால் தளத்தின் நிலை அறியும் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். பணம் கழிந்தும் எண் வரவில்லை என்றால் ஒருநாள் பொறுங்கள். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது.

காத்திருப்பும் வருகையும்

இரண்டு மூன்று வேலைநாட்களில் பலருக்கும் பதில் வந்துவிடுகிறது. அதை நம்பி நான்காம் நாள் விமானம் போடாதீர்கள். இரண்டு வாரம் முன்பு விண்ணப்பிப்பது நிம்மதி. ஜனவரி 10, வோடூன் என்ற அந்நாட்டு மரபுச் சமயத்தின் விழா நாள். அதையொட்டி உய்தாவில் கூட்டம் அலைமோதும். அந்தச் சமயம் போவதானால் விசாவுக்கும் விடுதிக்கும் இன்னும் முந்திக்கொள்ளுங்கள். ரொம்பவும் முன்னதாகவும் வேண்டாம். படிவத்தில் எழுதிய நுழைவுத் தேதியைப் பிறகு நகர்த்துவது எளிதல்ல.

விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், நுழைவு வகை, தேதிகள் நான்கையும் பார்த்துவிட்டுக் காகிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள். கைபேசியில் காட்டலாம் என்று இருந்துவிட வேண்டாம், இறங்கும்போது பேட்டரியும் இருக்காது, இணையமும் இருக்காது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் விசாவும் போயிற்று. இரண்டும் எண்ணால் கட்டப்பட்டவை. பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் விமான நிலைய டிரான்சிட் விசா தமக்குத் தேவையா என்று டிக்கெட் வாங்குமுன்பே பார்த்துவிட வேண்டும்.

விசா கையில் இருப்பதால் நாடு முழுக்கச் சுற்றலாம் என்று பொருளில்லை. வடக்கே பெந்ஜாரி, டபிள்யூ தேசியப் பூங்காக்கள் புர்கினா ஃபாசோ, நைஜர் எல்லையை ஒட்டியவை. அங்கே ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் நடந்துவருகின்றன, 2019 மே மாதம் பெந்ஜாரியில் பிரெஞ்சுப் பயணிகள் கடத்தப்பட்டார்கள். அரசு எச்சரித்த பகுதிகளில் பல பயணக் காப்பீடுகள் செல்லாது. பாலிசியின் விலக்குப் பட்டியலை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். தரைவழியாக மலான்வில் கடந்து நைஜர் போகும் திட்டத்தையும் விட்டுவிடுங்கள், நைஜரில் நடந்த 2023 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த எல்லையை நம்ப முடியாது.

கோட்டோனூவில் முத்திரை விழுந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் தேதியைப் படியுங்கள். மங்கலாக இருந்தால் அங்கேயே மறுபடி குத்தச் சொல்லலாம், வெளியேறும் நாளில் அந்த மங்கலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கூடுதல் நாள் தங்க நினைத்தால் விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கோட்டோனூவிலுள்ள குடிநுழைவு இயக்குநரகத்துக்குப் போங்கள்.